ஆணியில் தொங்கிய சிவப்புத் துண்டு

இந்த மேஜையை ஒருமுறை துடைக்கச் சொன்னால் நன்றாக இருக்கும், ஐயா. யாரோ வைத்த டீ டம்ளரின் வட்டம் காய்ந்து கிடக்கிறது. அதன் மேல் ஓர் ஈ குடித்தனமே நடத்துகிறது. அவசரமில்லை, நான் கையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

நான் இந்த ஊரைப் படம் எடுப்பவன். கல்யாண வீடுகளுக்குப் போகிறவன் இல்லை. பாலம், தபால் நிலையம், சந்தை வாசல், பஸ் நிறுத்தத்து சிமென்ட் பெஞ்சு, மணிக்கூண்டு என்று, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப் போகும் இடங்கள்தான் என் படங்கள். நகராட்சிக் காலண்டரில் வருஷா வருஷம் அவைதான் வரும். ஆட்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். “ஊரே காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்குங்க” என்பாள் என் மனைவி. எனக்கு அது பாராட்டு. ஆள் வந்தால் மூக்குச் சிந்துவது வரும், பல் குத்துவது வரும், சாய்ந்த இடத்தில் தலை எண்ணெய் வரும். அந்தப் பெஞ்சை எடுப்பதற்கு முன் நானே வாளியில் தண்ணீர் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவினேன். கழுவிய தண்ணீரின் நிறத்தை உங்களிடம் சொல்ல விரும்பவில்லை.

மணிக்கூண்டு என் மச்சான் பொறுப்பு. என் மனைவியின் அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் தங்கையைத் தோளில் போட்டு வளர்த்தவர். கடிகாரத்தை ஓடவைப்பது அவர் வேலை. தங்கமான மனுஷன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊரார் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. தனிக்கட்டை என்பதால் மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வாயைத் திறந்துகொண்டே மெல்லுவார். மென்றது எந்தப் பதத்தில் இருக்கிறது என்று எதிரில் இருப்பவனுக்குத் தெரியும். முடித்ததும் ஓர் ஏப்பம், ஓர் உருண்டை புகையிலை. பிறகு தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டால் முதலில் வாய், அடுத்து கழுத்து, கடைசியில் மூக்கு. வரிசை மாறியதே இல்லை.

ஒருநாள் என் கேமராவைக் கையில் எடுத்தார். “என்ன மாப்ளே, கண்ணாடியில இவ்வளவு தூசி” என்று லென்ஸ் மேல் வாய் வைத்து ஊதி, அதே துண்டால் பக்குவமாகத் துடைத்துக் கொடுத்தார். புகையிலைச் சாறு ஓரத்தில் மஞ்சள் கோடாக நின்றது. நான் சிரித்தபடி வாங்கிக்கொண்டு, பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். மனைவியிடம் சொன்னபோது, “அவரு ஆசையா செஞ்சாரு. உங்களுக்குத்தான் எதைப் பார்த்தாலும் குமட்டுது” என்றாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா. 

மணிக்கூண்டின் மேல் அறைக்கு வருகிறேன். அந்த அறைத் தரையின் நடுவில் சதுரமாக ஒரு பலகைக் கதவு உண்டு. கடிகாரத்தை ஓட்டும் இரும்புக் குண்டுகள் அதன் வழியாகத்தான் கயிற்றில் அடித்தளம் வரை இறங்கும். பலகையைத் திறந்தவர், கடிகாரக் கண்ணாடியை ஒட்டிய ஆணியில் சிவப்புத் துண்டை மாட்ட வேண்டும். மூடியவர் எடுக்க வேண்டும். இது மச்சான் வைத்த சட்டம். வெயிலில் இருந்து ஏறி வருகிறவனுக்கு அங்கே கண் கூசித் தரை தெரியாது, கண்ணாடி வெளிச்சத்தில் துண்டு மட்டும் தெரியும். அவருக்கு ஒரு கண்ணில் புரை வேறு.

அன்று காலண்டருக்காகக் கடிகாரத்தை உள்ளிருந்து எடுக்கப் போனேன். சாயங்கால வெயில் கண்ணாடி வழியாக வந்து, திறந்த பலகை மேலும் கயிற்றின் மேலும் விழும். பலகையை எனக்காகத்தான் திறந்து வைத்தார். துண்டை மாட்டிவிட்டு, “எண்ணெய் டப்பா எடுத்துட்டு வந்துடறேன், பாத்து நில்லு மாப்ளே” என்று கீழே போனார். துண்டு படத்தின் நட்டநடுவில் தொங்கியது. அதன் ஒரு முனை இன்னும் ஈரமாக இருந்தது. நான் அதை இரண்டு விரலால் எடுத்துப் பின்னால் போட்டேன்.

இதுவரை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். துண்டு ஆணியில்தான் இருந்தது, புரை விழுந்த கண்ணுக்குத் தெரியவில்லை என்று அவர் விழுந்து இறந்தபோது நான் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். காலண்டர் வந்தது. சமையலறையில் மாட்டப் போன என் மனைவி படத்தைப் பார்த்தபடியே நின்றாள். “பலகை திறந்திருக்கு. ஆணியில அண்ணன் துண்டு எங்கங்க?” என்றாள். மறுநாள் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது கொஞ்சம் கூடவே தாங்கியது.

நீங்கள் நல்லவர். “படத்துக்காக எடுத்தீங்க, திரும்ப மாட்ட மறந்துட்டீங்க, அதானே?” என்று நீங்களே ஒரு வழியைக் காட்டினீர்கள். வக்கீலும் அதையே பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். ஆனால் மறதிக்காரன் என்ற பெயரோடு இருக்க என்னால் முடியாது. லென்ஸ் மூடியைக்கூட நான் எங்கும் மறந்து வைத்ததில்லை.

அவர் படியேறி வருவது கேட்டது. நடுவில் நின்று காறினார், சுவரில் துப்பினார். அந்தச் சுவரை அன்று காலையில்தான் கழுவியிருந்தேன். துண்டு எனக்குக் கை எட்டும் தூரத்தில் கிடந்தது. அதை மாட்ட வேண்டுமென்றால் மறுபடியும் தொட வேண்டும்.

வாசலில் நின்று ஆணியைப் பார்த்தார். கவனமான மனுஷன், ஆணி காலியாக இருந்தும் கேட்டார்.

“மாப்ளே, பலகையை மூடிட்டியா?”

“மூடிட்டேன் மச்சான், வாங்க” என்றேன்.

“அப்ப என்னையும் ஒண்ணு எடு. தங்கச்சிகிட்ட காட்டலாம்” என்று தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டே நடந்து வந்தார்.

காலண்டரில் இருப்பது அவர் விழுவதற்கு முன் எடுத்த படம் என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். முன்னால் எடுத்ததில் கயிறு நேராக நிற்கும். காலண்டரை உற்றுப் பாருங்கள், கயிறு ஆடிக் கலங்கித் தெரியும். விழும்போது அதைப் பிடிக்கப் பார்த்தார். கீழே இருந்து “மாப்ளே, மாப்ளே” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெயில் போய்விடும் என்பதால் படத்தை எடுத்து முடித்தேன். அதற்குள் சத்தமும் நின்றுவிட்டது. துண்டைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, ஆட்களைக் கூப்பிட இறங்கினேன். அந்தத் துண்டைத் துவைக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் என் மனைவி இப்போது தூங்குகிறாள். அந்த வீட்டில் மனுஷன் எப்படிப் படுப்பது?

கையெழுத்துக்கு உங்கள் பேனா வேண்டாம், அதன் முனையில் பல் தடம் இருக்கிறது. என்னுடையது சட்டைப்பையில் இருக்கிறது. ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவரை நான் தொடவே இல்லை. தொட்டது துண்டை மட்டும்தான். அதற்கும் வீட்டுக்குப் போனதும் இரண்டு கையையும் சோப்புப் போட்டுச் சுத்தமாகக் கழுவிவிட்டேன்.