தானாக நிற்கும் வண்டி

மதிப்புக்குரிய இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

ஈர ரோட்டில் பிரேக்கை மிதிக்கக் கூடாது, விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. இது தெரிந்தால் நான் எழுதுவது எல்லாம் விளங்கிவிடும்.

முனியப்பனாகிய நான் கஸ்பார் முதலாளியிடம் இருபத்திரண்டு வருடம் டிரைவர். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையில், எந்த மழையிலும், ஒரு கீறல் விழாமல் வண்டியை இறக்கியவன். கருங்கல் ஏற்றுமதியில் கை ஓங்கிய பிறகு, போன ஆவணியில், முதலாளி ஒரு ஜெர்மன் வண்டி வரவழைத்தார். பந்தய வண்டிக்கான எஞ்சின். எப்படி மிதித்தாலும் சக்கரம் பூட்டாமல், பிரேக்கைத் தானே தட்டித் தட்டி நிறுத்தும் ஒரு பெட்டியும் அதில் இருந்தது. கொண்டுவந்த பெங்களூர் மெக்கானிக் பொறுமையாகக் காட்டினார். இந்த ஃபியூஸ் போனால் மஞ்சள் விளக்கு எரியும், அப்புறம் சாதாரண பிரேக்தான் என்றார்.

மறுநாள் குவாரிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். முதலாளி தரையில் தண்ணீர் ஊற்றச் சொல்லி, என்னை எதிரே நிற்கவைத்து, வேகமாக வந்து மிதித்தார். என் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நேராக நின்றது.

"பாத்தியாடா முனியப்பா? உன் காலு செஞ்ச வேலைய பொட்டி செய்யுது. நாளையிலிருந்து வீட்டுக் கேட்டுல உக்காரு."

"சரிங்க மொதலாளி."

"வேட்டி நனைஞ்சிருக்குது, பாருங்கப்பா" என்றார் ஒரு விருந்தாளி. எல்லோரும் சிரித்தார்கள். தரைத் தண்ணீர் தெறித்து நனைந்தது அது.

இரண்டு மாதத்தில் முதலாளிக்கு ஓங்கி மிதிப்பது பழகிவிட்டது. கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐயா, பிரேக்கை நான் தொடவில்லை. ஒரு சொட்டு ஆயில்கூட இறக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்த ஞாயிறு, அவர் சர்ச்சில் பூசைக்கு நடந்து போயிருந்தபோது, அந்த ஃபியூஸை மட்டும் எடுத்தேன். மஞ்சள் விளக்கின் பல்பையும் கழற்றினேன், அவர் வீணாகக் கலங்க வேண்டாம் என்று. ஓட்டத் தெரிந்தவனுக்கு அதில் ஓர் ஆபத்தும் இல்லை.

பூசை முடிந்து ஒகேனக்கல் போவதாக முதல்நாளே சொல்லியிருந்தார். தனியாக என்று நினைத்தேன். அவருடைய ஒன்பது வயது மகள் தெரசா முன்சீட்டில் ஏறினாள்.

"டிரைவரண்ணா, மீன் திங்கப் போறோம். நீங்க வர்லீங்களா?"

"பொட்டி இருக்குதே கண்ணு, நான் எதுக்கு?"

கேட்டின் தாழ்ப்பாள் இறுக்கமானது. திறக்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் முழுவதும் எனக்கு இருந்தது. திறந்துவிட்டேன்.

மூன்றாவது வளைவின் ஓரச் சேற்றில் சக்கரம் இழுத்த கோடுகளை நீங்களே அளந்தீர்கள். ரோடு திரும்புகிறது, கோடு திரும்பவில்லை. பள்ளத்திலிருந்து இருவர் உடலையும் தூக்கும்போதும் அவர் செருப்பு பிரேக்கின்மேல் கிடந்ததாகச் சொன்னீர்கள். ஒரு தடவைகூட அவர் தட்டிப் பார்க்கவில்லை.

செய்ததை ஒப்புக்கொள்கிறேன். பாப்பாவை நினைத்தால்தான் வருத்தம். என்னிடம் விட்டிருந்தால் ஒரு கீறல் இல்லாமல் இறக்கியிருப்பேன்.

இப்படிக்கு,
முனியப்பன், டிரைவர்.