முதல் பரிசு பெற்ற ஆட்டம்

ஐடியா சொல்பவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸில் நான் போட்ட சட்டம். வீடியோ கேம் செய்கிற கம்பெனி. இரண்டு வருஷமாகப் பந்து உடைக்கிற ஆட்டத்தையே நிறம் மாற்றி விற்றுக்கொண்டிருந்தோம். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, வெள்ளிக்கிழமைதோறும் யார் வேண்டுமானாலும் புது ஆட்டம் சொல்லலாம் என்று ஆரம்பித்துவைத்தவன் நான்தான். கணக்கு எழுதுபவர், மீன்கள் வரி கட்டுகிற ஆட்டம் ஒன்று சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பாத்ரூமுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள்.

எங்கள் டெஸ்டர் மட்டும் வாயே திறக்க மாட்டாள். ஆட்டங்களை ஆடிப்பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பது அவள் வேலை. மணிக்கொரு தரம் கணவர் வீடியோவில் கூப்பிடுவார். அவள் எழுந்து நின்று, பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று போனைச் சுற்றிக்காட்டுவாள். நாங்களும் கையாட்டுவோம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சிரித்துக்கொண்டே கையாட்டினோம்.

"உனக்குத் தெரிஞ்சதையே சொல்லும்மா, அதுலேர்ந்துதான் நல்ல ஆட்டம் வரும்" என்று வாராவாரம் அவளை விடாமல் நச்சரித்தேன். ஏழாவது வாரம் சொன்னாள். ஒரு பெண் வீட்டை விட்டுப் போக வேண்டும். துணி, சான்றிதழ், டிக்கெட் என்று தினம் ஒன்றாகச் சேர்த்துப் பையில் ஒளித்துவைக்க வேண்டும். கணவன் கண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. சமையலறைக் கதவு கிறீச்சிடும், ஆனால் எண்ணெய் போடக் கூடாது, போட்டால் அவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். இப்படியொரு நுணுக்கம் கற்பனையில் வராது. எனக்குப் புல்லரித்தது.

ஒளிப்பவரோடு தேடுபவரும் இருந்தால் இரண்டு பேர் ஆடலாமே என்று சேர்த்தது என் யோசனை. கம்பெனியின் வருஷாந்திரப் போட்டியில் அதற்கே முதல் பரிசு என்று முடிவானது.

அது அவள் வீடு என்று எனக்குத் தெரியுமா என்றுதானே கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர்? தெரியும். பரிசளிப்புக்கு இரண்டு நாள் முன்னால் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், அது எங்க வீடுதான். அந்தப் பையும் நிஜமாவே அதே இடத்துல இருக்கு. போட்டியிலேர்ந்து எடுத்துடுங்க சார்."

"வீட்ட மட்டும் மாத்திடறேன்மா, நீ கவலைப்படாம போ" என்றேன். மாற்றவும் செய்தேன். அறைகளை இடம் மாற்றி, கதவுச் சத்தத்தை எடுத்துவிட்டு ஆடிப்பார்த்தால் சப்பென்று இருந்தது. பழையபடியே வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

பரிசு வாங்குபவரின் குடும்பத்தை முன்வரிசையில் உட்காரவைப்பதும் என் ஏற்பாடுதான். அவள் கணவர் நல்ல மரியாதைக்காரர். எனக்கு எழுந்து கைகொடுத்தார். திரையில் அந்தச் சமையலறை வந்ததும் அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் மைக்கைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன். பிறகு அவள் கணவரையே மேடைக்குக் கூப்பிட்டுத் தேடுபவராக ஆடச் சொன்னேன். கைதட்டல் பலமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் உயிரோடு இல்லை. அதை நான் விவரிக்க வேண்டாம், நீங்கள் அந்த வீட்டைப் பார்த்தவர். முதலாளி ஒரு நாள் லீவு விட்டார். ஆபீஸில் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள், நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

கணவர் சமர்த்தாக ஆடி ஜெயித்தார் என்று மற்றவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அப்படியில்லை. பீரோ, கட்டில், பரண் எல்லாம் தேடிவிட்டு, "நமக்கு இதெல்லாம் வராதுங்க" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். இறங்கிப் போயிருப்பார். கூட்டம் சலசலத்தது, முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவு நல்ல ஆட்டம் பாதியில் நிற்பது எனக்குத்தான் பொறுக்கவில்லை. மைக்கை மூடிக்கொண்டு குனிந்து, "சமையல் ரூம்ல மாவு டப்பாவ நகர்த்திப் பாருங்க சார்" என்றேன்.