ஆறடிக் கடல்

மதுரையில் கடல்தண்ணீர் கிடைப்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, சார். மண்டபத்திலிருந்து மீன் ஏற்றி வரும் வேன்காரரிடம் சொல்லிவைத்தால், கேன்களில் பிடித்து வந்து ரிங் ரோட்டில் இறக்கிவிட்டுப் போவார். அதைச் சூடேறாமல் வைத்திருப்பதுதான் பாடு. நம் ஊர் சித்திரை வெயிலுக்கு மனிதனே வெந்துபோகிறான், பவளப்பூச்சி எம்மாத்திரம்.

பவளக்கல் எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்று விசாரிக்க வனத்துறையிலிருந்து வந்திருக்கிறீர்கள். அதே வேனில்தான் மதுரைக்கு வந்தது. சட்டப்படி தப்பு என்று தெரியும், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது. என் மனைவி வித்யாஸ்ரீ வெளியே போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊரில் எனக்குத் தெரிந்து வீட்டுக்குள் கடல்மீன் வளர்த்த முதல் ஆள் நான். காலேஜில் கெமிஸ்ட்ரி லேப் பார்த்துக்கொள்பவன், அதனால் உப்பு, காரம் எல்லாம் அளந்து வைக்கத் தெரியும். ஒத்தக்கடையில் வீடு கட்டியதும் இதே ஹாலில் மூன்றடித் தொட்டி வைத்தேன். என் மகள் ஸ்ரீவர்ஷினிக்கு அப்போது பத்து வயது. பள்ளிவிட்டு வந்ததும் தொட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"ஏம்ப்பா, அந்த ஆரஞ்சு மீன் பூவை விட்டு வெளியவே வர மாட்டேங்குது?"

"அதுதாம்மா அதுக்கு வீடு."

அதிகம் பேசத் தெரியாதவன் நான். அந்த ஒரு மணி நேரம்தான் அவள் என்னிடம் கேள்வி கேட்பாள், நான் பதில் சொல்வேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஹரிராம் என் மனைவியின் தம்பி. சாயப்பட்டறை வைத்திருந்தான், கோச்சடையில் வீடு. எங்கள் சௌராஷ்டிரக் குடும்பங்களில் நெசவு போனாலும் சாயம் போகாது என்று கேலி சொல்வான். அப்பா காலத்துப் பட்டறை நெடியில் வளர்ந்ததால் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வீசிங் உண்டு. சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். ஒரு நாள் என் தொட்டியைப் பார்த்தவன் தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். நானே கூட இருந்து நாலடித் தொட்டி அமைத்துக் கொடுத்தேன். கேட்டதையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

அவனுடையது செழித்தது. சென்னையிலிருந்து விளக்கு வாங்கினான், தொட்டிக்காக அறைக்கு ஏசி போட்டான், கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடியது. என் தொட்டியில் ஒரு கோடை மின்வெட்டில் பாதி செத்தது. அதற்குப் பிறகு ஸ்ரீவர்ஷினி ஞாயிற்றுக்கிழமையானால் கோச்சடைக்குப் போக ஆரம்பித்தாள். அந்த வீட்டில் எப்போதும் சத்தம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஹரிராம் ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்து, அது பேசுகிற மாதிரி குரலை மாற்றிப் பேசிக் காட்டுவான். அவன் மனைவி சூடாமணி விழுந்து விழுந்து சிரிப்பாள். அறிவியலுக்கு ஒவ்வாத காரியம். ஆனால் தொட்டி பெரிது, விளக்கு நல்ல விளக்கு. பிள்ளை அதைப் பார்க்கப் போவதில் வியப்பில்லை.

காது குத்தியபோது அவன் மடியில்தான் உட்கார்ந்தாள். தாய்மாமன் மடி, அது முறை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

போன வருஷம் தையில், அவன் ஆறடித் தொட்டிக்கு மாறப்போவதாக அவள்தான் வந்து சொன்னாள்.

"அப்பா, மாமா ஆறடித் தொட்டி வைக்குது. அம்புட்டுப் பெருசுப்பா, நான் உள்ள படுத்துக்கலாம். நம்ம தொட்டிய எடுத்துட்டா அந்த இடத்துல என் மேசையப் போட்டுக்கலாமா?"

போட்டுக்கலாம் என்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், சார். வேறு மரியாதையான பெயர் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை. நான் கற்றுக்கொடுத்த வித்தையை வைத்தே என் வீட்டுக் கூடத்தைக் காலிசெய்கிறானே என்று வயிறு எரிந்தது.

தொட்டி மாற்றும்போது பழைய கல்லில் ஒரு சிக்கல் வந்தது. அவன் கற்கள் முழுக்கச் சட்டைப் பொத்தான் அளவில் பூப்போல ஓர் உயிர் படர்ந்துவிட்டது. பார்க்க அழகு, ஆனால் மற்றப் பவளங்களை நெருக்கிக் கொன்றுவிடும். புதுத் தொட்டிக்குச் சுத்தமான கல் வேண்டும் என்று எனக்குப் போன் செய்தான்.

"தேய்ச்சா போக மாட்டேங்குது மச்சான். அண்டாவுல போட்டுக் கொதிக்க வச்சிரவா? கொதிச்சா விட்டுப் போகாத சாயமா?"

சாயக்காரன் புத்தி அப்படித்தான். நூலில் தப்பான நிறம் ஏறினாலும் கொதி, கறை என்றாலும் கொதி. அந்த உயிருக்குள் விஷம் உண்டு, கொதிக்கும்போது ஆவியோடு ஏறி நுரையீரலைப் பிடிக்கும் என்று நான் பிரவுசிங் சென்டரில் படித்திருந்தேன். வெளிநாட்டில் யாரோ ஒருவன் வீட்டில் கல்லை வேகவைத்து, குடும்பமே ஆஸ்பத்திரியில் கிடந்ததாகப் போட்டிருந்தது. செத்ததாகப் போடவில்லை.

"வேகவைக்கலாம் மாப்ள," என்றேன்.

"செம்பு அண்டா இருக்கு. அதுல வைக்கவா?"

"செம்பு வேணாம். துளி கலந்தாலும் பவளம் செத்துப்போகும். எவர்சில்வர்ல வை."

"நல்லவேளை கேட்டேன். நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வேன்?"

இதைச் சொல்லக் காரணம், கேட்டதற்கு நான் பொய் சொல்லவில்லை என்பதற்காக. ஆவியைப் பற்றி அவன் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை வேலையை ஆரம்பித்தான். நான் டி.வி.எஸ் வண்டியில் கோச்சடைக்குப் போனேன். அடுப்பில் அண்டா ஏறியிருந்தது, தண்ணீர் இன்னும் சூடாகவில்லை. ஸ்ரீவர்ஷினி ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, டெஸ்ட்டுக்குப் படிக்க வேண்டும், கிளம்பு என்றேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

"பிள்ளைய விடுங்க மச்சான். சாயங்காலம் நானே கொண்டாந்து விடுறேன்."

"வேணாம் மாப்ள. படிக்கணும்."

சூடாமணி சமையலறையிலேயே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒரே புழுக்கமா இருக்குண்ணே, ஜன்னலத் தொறந்து வைக்கவா?" என்று கேட்டாள்.

"சாத்தியே இருக்கட்டும்மா. கல்லுல தூசி விழுந்தா தொட்டி கெட்டுப்போகும்," என்று சொல்லிவிட்டு, பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அன்று மாலையே இருவருக்கும் காய்ச்சல் கண்டது. சூடாமணி தேறிவிட்டாள், இருமல் மட்டும் நிற்கவில்லை. ஹரிராமுக்கு மூச்சு வாங்கியது, இன்ஹேலருக்குக் கேட்கவில்லை. எதையாவது சுவாசித்தாரா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். சூடாமணி, "கல்லத்தான் வேகவச்சாரு," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். படித்தவன் நான்தானே. கல்லில் என்ன இருக்கிறது டாக்டர், சாயப்பட்டறை ஆள், சின்ன வயதிலிருந்தே நெஞ்சு சரியில்லை என்றேன். நிமோனியா என்று எழுதினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டான். தத்தனேரிச் சுடுகாட்டுக்கு நானும் தோள்கொடுத்தேன்.

முப்பது கழிந்ததும் சூடாமணி தொட்டியை இங்கே அனுப்பிவைத்தாள். "எங்கிட்ட இருந்தா செத்துப்போகும். நீங்களே வச்சுக்கங்கண்ணே," என்றாள். நீங்கள் பார்க்கிற ஆறடித் தொட்டி அதுதான். ஒரு மீன்கூட நான் சாகவிடவில்லை.

ஆவி கொல்லும் என்று நிச்சயமாகத் தெரியாது, காய்ச்சலில் கிடப்பான், தொட்டி ஆசை விட்டுப்போகும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். நேற்று ஸ்ரீவர்ஷினி சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு ஏம்ப்பா என்னைய மட்டும் கூட்டிட்டு வந்தீங்க?" டெஸ்ட் இருந்ததே என்றேன். "திங்கக்கிழமை டெஸ்ட்டே இல்லப்பா," என்றாள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய்விட்டாள்.

நிச்சயமாகத் தெரிந்துதான் கூட்டிவந்தேன், சார். அவனைக் கொன்றது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவு பெரிய தொட்டி இங்கே இருக்க, ஸ்ரீவர்ஷினி காலையிலேயே பஸ் ஏறிக் கோச்சடைக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் போகிறாள். சூடாமணி தனியாக இருமிக்கொண்டிருக்கிற அந்த வீட்டில் இப்போது ஒரு மீன்கூடக் கிடையாது. பிள்ளை அங்கே எதைப் பார்க்கப் போகிறாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.