தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

...நீங்களே சொல்லுங்கம்மா, எட்டு மாசமா ஒரு வீடு விக்காம நிக்குதுன்னா அதுக்கு வீடா காரணம்? செவுத்தத் தட்டிப் பாருங்க. ம்... தட்டுங்க, பரவால்ல. கல்லு மாதிரி இருக்கா? வாசல்லயே நிக்காதீங்க, உள்ள வாங்க. பெயிண்ட்டு போன மாசந்தான் அடிச்சது. புரோக்கர் அடிக்கச் சொன்னான், அடிச்சாச்சு. அப்பறம் அதே புரோக்கர் என்ன சொல்றான் தெரியுமா? "சார், பெயிண்ட்டெல்லாம் பிரமாதம், ஆள் வர்றப்ப நீங்க மட்டும் கொஞ்சம் காலாற நடந்துட்டு வந்துடுங்க"ங்கறான்! எப்படி இருக்கு கத? என் வீட்ட விக்கறதுக்கு நான் வீட்ட விட்டுப் போகணுமாம்!

என் வீட்டுக்காரியும் அவன் கட்சிதான். இன்னிக்குக் காலைல முட்டி டாக்டர்கிட்டக் கெளம்பறப்பகூட படில நின்னு திரும்பிப் பாத்து சொல்லிட்டுப் போறா. "அந்தப் பொண்ணு வீடு பாக்க வந்தா மூணே வார்த்ததான். வாங்க, பாருங்க, யோசிங்க. நாலாவது வார்த்த உங்க வாயிலேருந்து வரக்கூடாது." முப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினவ பேசற பேச்சா இது? சரி, சொல்லிட்டா. அதனால நான் ஒண்ணும் பேசப் போறதில்லம்மா. நீங்க பாட்டுக்குப் பாருங்க, நான் பாட்டுக்கு ஓரமா நிக்கறேன்.

இது ஹாலு... அட, பயப்படாதீங்க, ரயிலுதான். பழகிடும். அதாவது எனக்குப் பழகிடுச்சு, அவளுக்கு இன்னும் பழகல. காலைல அஞ்சே முக்காலுக்கு ஒண்ணு, ஆறு பத்துக்கு ஒண்ணு, அதுக்கப்பறம் பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு. சரக்கு வண்டி வந்தா மட்டும் அலமாரில இருக்கற டம்ளரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேச ஆரம்பிச்சிடும்.

இதையெல்லாம் நீங்க கேக்கவே இல்லியேன்னு பாக்கறீங்க. நெசந்தான், கேக்கல. தொழில் புத்திம்மா. கரண்ட்டு மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். முப்பத்துநாலு வருஷம் அந்த வேலதான். மீட்டர் என்ன காட்டுதோ அதத்தான் எழுதணும். ஒண்ணு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. "அண்ணே, இந்தத் தடவ கொஞ்சம் பாத்து எழுதுங்களேன்"னு ஸ்டூலத் தொடச்சுப் போட்டுக் கெஞ்சுவாங்க. நல்லாப் பாத்துத்தாம்மா எழுதறேன், அதனாலதான் இவ்வளவு வருதுன்னு சொல்லிட்டு வந்துடுவேன். அந்தப் பழக்கம் கையோட நின்னிருந்தாத் தேவல. வாயிலயும் ஒட்டிக்கிச்சு.

நீங்களும் ரெண்டு பக்கமும் பாக்கறேன்னு போன்ல சொன்னீங்கல்ல? தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமான்னு. என்னைக் கேக்காம வேற யாரப் போய்க் கேக்கப் போறீங்க? ரெண்டு பக்கத்துலயும் நான் ஏறாத படி இல்ல. இந்தப் பக்கம் மீட்டரெல்லாம் வீட்டுக்குள்ள இருக்கும். சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னால, படிக்கு அடில, ஒரு வீட்ல கட்டிலுக்கு நேர் மேல! உள்ள போய்த்தான் ஆகணும். அதனால இங்க யார் வீட்ல யார் யார்கூடப் பேசறதில்லங்கறது வரைக்கும் எனக்கு அத்துப்படி. அந்தப் பக்கம் பின்னால கட்டின வீடுங்க. மீட்டர கேட்டுப் பக்கத்துலயே பெட்டிக்குள்ள வெச்சுட்டாங்க. போனமா, எழுதினமா, வந்தமா. இருவது வருஷம் போயும் ஒரு முகம் பழக்கமில்ல. நாய்ங்கள மட்டும் நல்லாத் தெரியும்.

இந்தப் பக்கம் பேச்சு ஜாஸ்தி, ஜன்னல் கம்மி. அந்தப் பக்கம் ஜன்னல் ஜாஸ்தி, பேச்சு கம்மி. இவ்வளவுதாம்மா வித்தியாசம். ஆனா அங்க இருக்கறவங்கள "வீடு எங்க?"ன்னு கேட்டுப் பாருங்களேன். "அந்தப் பக்கம்"னு சொல்றப்பவே தாடை ரெண்டு விரக்கட மேல போயிடும். தண்ணி அதே டேங்கு. கரண்ட்டு அதே லைனு. கொசுகூட அதே கொசுதான், பொழுது சாஞ்சா ரெண்டு பக்கமும் போய்ட்டு வரும்.

இது சமையக்கட்டு. கொழாயத் தொறங்க. வேகத்தப் பாத்தீங்களா? ...மணி பதினொண்ணாச்சு, அதான். ஏழு மணிக்குத் தொறந்தீங்கன்னா கீழ்வீட்ல குளிச்சு முடிக்கற வரைக்கும் கொழா வெறுமன இருமும். அய்யோ... பாருங்க, மறுபடியும்! சிரிக்காதீங்கம்மா. இப்படித்தான் ஒவ்வொருத்தரும் சிரிச்சிட்டே வருவாங்க, சிரிச்சிட்டே போயிடுவாங்க.

இங்க வாங்க, பால்கனிக்கு. எப்படி வருது காத்து! இந்தக் காத்துக்காகத்தாம்மா இந்த மாடிய வாங்கினேன். முப்பது வருஷத்துக்கு முந்தி நாங்க வீடு தேடறப்ப, அவ அந்தப் பக்கம் ஒரு கீழ்வீடு பாத்து வெச்சிருந்தா. வாசல்ல ஒரே ஒரு படி, ரெண்டு செடி வெக்க எடம். "வயசானப்பறம் மாடி ஏற முடியுமா?"ன்னு கேட்டா. அப்ப அவளுக்கு வயசு இருவத்தெட்டு! நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். மாடிதான் வேணும், காத்துதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். ஊரார் படியெல்லாம் ஏறி எறங்கறவனுக்கு சொந்தப் படி ஒரு பெரிய விஷயமாங்கற தெனாவெட்டு. மொத்தம் பத்தொம்பது படி. இன்னிக்கு அவ அதுல உக்காந்து உக்காந்து எறங்கறாம்மா. சின்னக் குழந்தைங்க எறங்குமே, அந்த மாதிரி. எதுக்க யாராவது வந்துட்டா, செருப்பு வாரச் சரி பண்ற மாதிரி பாவன பண்ணுவா. இந்தக் காத்து மூஞ்சில அடிக்கறப்பல்லாம் எனக்கு வெக்கமா இருக்கு.

அதனாலதான் விக்கறோம். இது வித்தாத்தான் அந்தப் பக்கம் ஒரு கீழ்வீடு வாங்க முடியும். ஆனா விக்க மாட்டேங்குதே!

மொதல்ல ஒரு பேக்கரிக்காரர் வந்தாரு. விடிய விடிய வேலையாம், பகல்லதான் தூக்கமாம். பகல்லயா, இந்த வீட்லயான்னு நானே பதறிட்டேன். அந்தப் பக்கம் நூலகத்துக்குப் பின்னால ஒரு தெரு இருக்கு, அங்க காக்காகூட யோசிச்சுத்தான் கத்தும்னேன். போய் வாங்கிட்டாரு. அடுத்தது புதுசாக் கல்யாணமான ஜோடி. அந்தப் பொண்ணு பாட்டு சொல்லிக் குடுக்குது. இங்க நடுச்செவுரு ஒத்தச் செங்கல்லும்மா, பக்கத்து வீட்டுக்காரர் தும்மினா எங்களுக்குச் சளி பிடிக்கும். ...நீங்க தட்டினது வெளிச்செவுரு. அது கல்லுதான், நான் பொய் சொல்லல. அந்த ஜோடியும் இப்ப அந்தப் பக்கந்தான். ஸ்டேஷன்ல பாத்தா கையாட்டும்ங்க. நானும் பல்லக் காட்டிட்டு வருவேன்.

மூணாவது வந்ததுதான்... அத எப்படிச் சொல்றது. பள்ளிக்கூடத்துல விளையாட்டு வாத்தியார். வீட்ல ஆறு சைக்கிளாம். மாடிக்கு எப்படி ஏத்துவீங்க, வாசலோட ஒரு கீழ்வீடு இருக்கேன்னேன். இருக்கேன்னு சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாம்ல? பழைய ரீடிங் அட்டைக்குப் பின்னால வழியக் கோடு போட்டே குடுத்தேன். அம்மா... அது என் வீட்டுக்காரி ஆறு மாசமாப் பாத்து வெச்சிருந்த வீடு. இது வித்த மறுநாள் அட்வான்ஸ் குடுக்கறதா இருந்தோம். "அந்த வாத்தியாருக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"ன்னு அவ பொலம்பறா. நானும் கூடவே உக்காந்து, "அதானே, எப்படித் தெரிஞ்சுது?"ன்னு பொலம்பறேன். அவகிட்டச் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

ஆனா இப்ப தெய்வாதீனமா இன்னொண்ணு அமைஞ்சிருக்கு. அதப் பத்தி நான் மூச்சு விடமாட்டேன். கழுத்த நெரிச்சாலும் சொல்ல மாட்டேன்.

சரி, நீங்க சொல்லுங்க. மருந்துக் கடைல வேலைன்னீங்க. வீட்ல யார் யாரு? ...நீங்களும் அம்மாவும் மட்டுமா. ...ஏன், அம்மா கூட வரலியா? ...அடடா. விழுந்துட்டாங்களா. இடுப்பா? ...எத்தன மாசமாச்சு? ...வாக்கர் வெச்சுத்தான் நடக்கறாங்களா.

அப்ப இந்த வீட்ட எதுக்கும்மா பாக்க வந்தீங்க? அந்தப் படியிலதான ஏறி வந்தீங்க? ...உங்க வசதிக்கு இதான் கெடைக்கும்னு புரோக்கர் சொன்னானா. ஆகா, நல்ல புத்தி! அந்தத் திருப்பத்துல நாலு படிக்குக் கைப்பிடியே கெடையாதும்மா. வாக்கர் திரும்பாது. நாளைக்கு உங்கம்மாவும் உக்காந்து உக்காந்து எறங்கவா? ஒரு பொம்பள எறங்கறதப் பாத்தே எனக்குச் சோறு எறங்கல.

...இருங்க, மூஞ்சி வாடிப் போச்சு. தண்ணி கொண்டாறேன்.

கேக்குதாம்மா? இங்கேருந்தே பேசறேன். அந்தப் பக்கம் பழைய அச்சகம் இருக்குல்ல, அதுக்குப் பின்னால மூணாவது சந்து. பச்சக் கேட்டு. ஒரு படிகூட கெடையாது, வாசல்ல சரிவுதான். அச்சுக் கோத்தவரு ஒருத்தர், மகனோட போய் இருக்கப் போறாரு. புரோக்கருக்கெல்லாம் தெரியாது, வெலையும் இந்த வீட்டு வெலதான். எங்களுக்காக வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுத்துக்கறேன்னிருக்காரு. இன்னிக்குப் புதன். நீங்க சும்மா ஒரு பார்வ பாருங்க, பாக்கறதுல என்ன இருக்கு? மேம்பாலத்துல ஏறி எறங்கினா பத்து நிமிஷம். என்னைச் சொல்லாதீங்க, சும்மா வந்தேன்னு... இந்தாங்க தண்ணி. அம்மா? ...ஏம்மா?

...போயிட்டாங்க. கதவக்கூட சத்தமில்லாம சாத்திட்டுப் போயிட்டாங்க.

அட மானங்கெட்ட வாயே! நாலாவது ஆளு! அதோ, மேம்பாலத்துல ஓட்டமா ஓடுது. தண்ணியாவது குடிச்சிட்டுப் போயிருக்கலாம். ...எறங்கிடுச்சு. நிக்குது. முழிக்குது. எடது பக்கம் திரும்புது... அங்க முட்டுச் சந்துதான். போகட்டும். நல்லாப் போகட்டும். அங்கயே சுத்தட்டும். நாம வாயத் தொறக்கறதில்ல. அவ முட்டிதான் நமக்கு முக்கியம். ரெண்டு நாள் தாங்கினாப் போதும், அதுக்குள்ள யாராவது ஒருத்தன் இத வாங்காமயா போவான்...

வாக்கர் வெச்ச அம்மா... ச்சே!

ஏம்மா! ஏம்மோவ்! அந்தப் பக்கமில்ல! வலது! வலது பக்கம்! அச்சகத்துக்குப் பின்னால! மூணாவது சந்து! பச்சக் கேட்டு!

...கையாட்டுது. புரிஞ்சிடுச்சு.

...கீழ யாரு? ...நீயா? எப்ப வந்தே? ...அப்பவே வந்துட்டியா. ...பூராவும் கேட்டுதா? ...இல்லடி, அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு இடுப்பு ஒடஞ்சிருக்கு. நான் என்ன பண்ணட்டும்? ...சரி, திட்டு. திட்டிடு.

...என்னது? பச்சக் கேட்டு வீட்டுக் குளியலறைக் கதவா? ...வாக்கர் நொழையாதா? அத மறுபடியும் அந்தப் பொண்ணுகிட்டக் கத்திச் சொல்லணுமா? இரு, சொல்றேன். கதவு எத்தன இன்ச்சு? ...அளந்தியான்னு கேக்கறேன். ...தரையப் பாக்காத, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எத்தன இன்ச்சு?

...பொய்யா? நீயா? முப்பத்தாறு வருஷத்துல ஒரு வார்த்த பொய் சொல்லாதவ. அந்த வீடு உனக்கு அவ்வளவு வேணுமா?

...அழாத. ஏய், ஏறாத, அங்கயே நில்லு. நான் எறங்கி வர்றேன். இந்த மாடிய உன் தலைல கட்டினதும் நான்தான், இத விக்க விடாம வெச்சிருக்கறதும் நான்தான். எல்லாக் கோளாறும் என் வாயில இருக்கு. அதோ முக்குல ஒரு ஆட்டோ வருது, திரும்பறதுக்குள்ள கை காட்டி நிறுத்து. அந்தப் பொண்ணு நடந்துதான் போகுது. அது அதோட அம்மாவுக்குக் கேக்கட்டும், நீ உனக்குக் கேளு. அச்சுக்காரரு யாருக்குக் குடுக்கறாரோ குடுக்கட்டும். ஆனா "எனக்கு வேணும்"னு உன் வாயால நீ கேக்கணும். அன்னிக்குக் கேட்டே, நான் சிரிச்சுக் கெடுத்தேன். இன்னிக்கு நான் வாயே தொறக்கப் போறதில்ல.

...சத்தியமா. நீதான் பேசற. நான் ஆட்டோக்காரருக்கு வழி மட்டும் சொல்றேன்.