மூலையில் நிற்பவனின் கை

வளைகுடாவில், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கட்டட சைட்டுக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். போனில் கபடி ஏலச் செய்தியைப் பார்த்துவிட்டு இளையவர் பொருமிக்கொண்டிருந்தார்.

“நம்ம டீம்ல பாடிப்போக நல்ல ரைடரே இல்ல. இதுல போயும் போயும் மூலையில நின்னு புடிக்கிறவனையா எடுப்பாங்க?”

ஜன்னலோரம் இருந்தவர் வெளியே பார்த்தபடியே சொன்னார். “அவன் கையைப் புடிச்சுக்கிட்டு மூணு வருசம் நின்னிருக்கேன்டா.”

“நீங்களாண்ணே?”

“எங்க ஊரு டீம்ல. கை கோத்து செயின் போட்டு நிக்கிறப்ப அவன் மூலை, நான் அவன் பக்கத்துல. ரைடர் கிட்ட வந்ததும் என் கையை ஒரு அழுத்து அழுத்துவான். ஒடனே நான் விடணும். விட்டாத்தான் அவன் கணுக்கால்ல பாய முடியும். புடிச்சான்னா எவனும் தப்ப முடியாது.”

“அப்ப நல்ல ஆளைத்தான் எடுத்திருக்காங்க.”

“நல்ல ஆளுதான்.”

பஸ் சிக்னலில் நின்றது. இளையவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“நீங்க ஏண்ணே ஆட்டத்தை விட்டீங்க?”

“விசா வந்துருச்சு. ஏர்போர்ட்டுக்கு அவன்தான் கொண்டுவந்து விட்டான். வாசல்ல என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னான். அழுத்தவே இல்லடா. நான்தான் விட்டுட்டு உள்ள போனேன்.”