இல்லாத விமானம்

பெரியப்பா: முதல்ல இதைச் சொல்லுங்க வாத்தியாரே. நேத்து சாயங்காலம் இந்த மைதானத்துல யார் யார் இருந்தாங்க?

வாத்தியார்: நான் இருந்தேன். பெட்ரோல் போடுறவர் இருந்தார். புல் வெட்டுறவர் டிராக்டர்ல இருந்தார். மேல, விமானத்துல, உங்க தம்பி பொண்ணு. அவ்வளவுதாங்க.

பாப்பா: இன்னொரு விமானமும் இருந்துச்சு சார்.

வாத்தியார்: அதைப் பத்திப் பேசத்தான் உங்க பெரியப்பாவை வரச் சொன்னேன். நீ நடுவுல...

பெரியப்பா: நடுவுல பேசாதே பாப்பா. அப்போ வேற யாரும் பார்க்கல?

வாத்தியார்: பெட்ரோல்காரர் தகரக் கூரைக்குக் கீழ நின்னிருக்கார். டிராக்டர்காரர் முதுகைக் காட்டிக்கிட்டு, காதையும் பொத்திக்கிட்டு ஓட்டியிருக்கார். நான் இதே அறையில, இந்த ரேடியோ பக்கத்துல. ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு நீங்களே பாருங்க.

பெரியப்பா: மாட்டுக் கொட்டகையைப் பார்க்குது. ரொம்ப நல்ல ஏர்போர்ட்.

வாத்தியார்: ஏர்போர்ட்தாங்க. பதிவு பண்ணின ஏர்போர்ட்.

பெரியப்பா: டவர் எங்க?

வாத்தியார்: டவர் கிடையாது.

பெரியப்பா: டவர் இல்லாம எப்படிய்யா ஏர்போர்ட்? என் மகன் முந்நூறு பேரை ஏத்திக்கிட்டுப் பறக்கிறவன். டவர்ல இருந்து ஒருத்தன் 'இறங்கு'ன்னு சொன்னாத்தான் இறங்குவான். 'நில்லு'ன்னா நிப்பான். அதுக்குப் பேர் முறை. இங்க என்ன இருக்கு? ஒரு கம்பம், அதுல ஒரு கோவணம்.

பாப்பா: அது காத்துப் பை பெரியப்பா. காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு அதைப் பார்த்து, காத்துக்கு எதிர்முகமாத்தான்...

பெரியப்பா: கோவணத்தைப் பார்த்து இறங்குறவளுக்கு வாய் மட்டும் குறைச்சல் இல்ல.

வாத்தியார்: ஐயா, டவர் இருக்கிற இடத்துல காது இருந்தாப் போதும். இங்க கண்ணும் வேணும், வாயும் வேணும். எந்தப் பக்கமா வர்றோம், எப்போ திரும்புறோம், ஓடுபாதையோட எந்த முனையில இறங்கப் போறோம், எல்லாத்தையும் ரேடியோவுல நாமளே சொல்லிக்கிட்டு வரணும்.

பெரியப்பா: யார் கிட்ட?

வாத்தியார்: யார் கிட்டயும் இல்ல. பொதுவா.

பெரியப்பா: நல்லா இருக்கே! பூட்டின வீட்டு முன்னாடி நின்னு 'நான் வந்துட்டேன், நான் வந்துட்டேன்'னு கத்துற மாதிரி.

வாத்தியார்: கத்துறது வீட்டுக்கு இல்லீங்க. அதே தெருவுல எதிர்ல வர்றவனுக்கு.

பெரியப்பா: சரி, மேல சொல்லுங்க.

வாத்தியார்: உங்க பொண்ணு அதெல்லாம் சரியாத்தான் சொன்னா. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கடைசித் திருப்பம் வரைக்கும் குரல்ல ஒரு நடுக்கம் இல்ல. இறங்க வேண்டிய நேரத்துல திடீர்னு 'எதிர்ல விமானம், எதிர்ல விமானம், மேல போறேன்'னு ஒரு கத்தல். வெளியில ஓடிப்போய்ப் பார்த்தா இவ மட்டும்தான் வானத்துல இருக்கா. எதிர்ல ஒரு காக்கா கூட இல்ல.

பாப்பா: நீங்க செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டு வர்றதுக்குள்ள அது மரத்துக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு சார்.

வாத்தியார்: ஏன், செருப்பைப் பத்தியும் எழுதிக் கொடேன் பரீட்சை அதிகாரிக்கு.

பெரியப்பா: இதுதான் வீடு வரைக்கும் வந்துடுச்சு. காலையில சம்பந்தி அம்மா போன் பண்றாங்க. 'உங்க வீட்டுப் பொண்ணு இல்லாத விமானத்தைப் பார்த்து மிரண்டு ஓடிட்டாளாமே, மந்திரிச்சீங்களா'ன்னு கேக்குறாங்க. மந்திரிக்கிறதாம்! நம்ம வீட்டுப் பொண்ணை!

பாப்பா: நீங்க என்ன சொன்னீங்க பெரியப்பா?

பெரியப்பா: என்னத்தைச் சொல்ல? போனை வெச்சுட்டேன்.

பாப்பா: ஓ... வெச்சுட்டீங்களா.

பெரியப்பா: என்ன பார்வை அது?

பாப்பா: ஒண்ணும் இல்ல.

வாத்தியார்: ஐயா, விஷயம் இவ்வளவுதான். வர்ற வாரம் இவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். 'இவ தனியாப் பறக்கலாம்'னு நான் வாய் திறந்து சொல்லணும். இல்லாததைப் பார்க்கிற கண்ணுக்கு நான் எப்படிச் சொல்றது? இன்னிக்கு இல்லாததைப் பார்ப்பா. நாளைக்கு இருக்கிறதைப் பார்க்க மாட்டா.

பாப்பா: இருந்துச்சு சார்.

வாத்தியார்: எந்த முனையில இருந்து வந்துச்சு?

பாப்பா: எதிர் முனையில இருந்து. காத்து முதுகுல அடிக்க அடிக்க, தப்பான பக்கமா. தாழ வந்துச்சு.

வாத்தியார்: ரேடியோவுல சத்தமே இல்லாம?

பாப்பா: ஒரு வார்த்தை இல்ல. நான் மேல தூக்கி வலது பக்கம் ஒதுங்கினேன். அவங்களும் கடைசியில அவங்க வலது பக்கம் ஒதுங்கி அப்படியே போயிட்டாங்க.

வாத்தியார்: என்ன நிறம்?

பாப்பா: ...வெள்ளை.

வாத்தியார்: எல்லா விமானமும் வெள்ளைதான். நம்பர்?

பாப்பா: பார்க்கல.

வாத்தியார்: மூக்குக்கு நேரா வந்ததைப் பார்த்திருக்கே, பக்கவாட்டுல ஆள் உசரத்துக்கு எழுதியிருக்கிற நம்பரைப் பார்க்கலையா?

பாப்பா: பார்க்கல சார்.

பெரியப்பா: விடுங்க வாத்தியாரே. சின்னப் பொண்ணு. ஏதோ வெளிச்சம், ஏதோ பறவை. இதோட நிறுத்திக்கலாம். கட்டினவன் வீட்டுல சமைச்சுப் போடுறதுக்கு லைசென்ஸ் எதுக்கு?

பாப்பா: அண்ணனுக்கு மட்டும் எதுக்காம்?

பெரியப்பா: அவனை எதுக்கு இதுல இழுக்குறே?

பாப்பா: நான் இழுக்கல பெரியப்பா. நான் யாரையும் இழுக்கல.

வாத்தியார்: உங்க மகன் ஊருக்கு வந்திருக்கார்னு கேள்விப்பட்டேனே. அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாம். தங்கச்சிக்கு நாலு புத்தி சொல்லியிருப்பார்.

பெரியப்பா: அவன் விடியறதுக்கு முன்னாடியே டியூட்டிக்குப் போயிட்டான். இந்த மாதிரி புல்லுத் தரையில எல்லாம் அவன் கால் வைக்க மாட்டான்.

பாப்பா: ஆமாம். கால் வைக்கல.

வாத்தியார்: சரி, எதுக்கு வீண் பேச்சு? ஒரு வழி இருக்கு. பக்கத்துல இருக்கிறது பெரிய ஏர்போர்ட் ஒண்ணுதான். நேத்து சாயங்காலம் சின்ன விமானம் ஏதாவது இந்தப் பக்கம் கிளம்பிச்சான்னு அங்க இருக்கிற டவருக்கு ஒரு போன் போட்டா, யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு பேரோட சொல்லிடுவாங்க.

பாப்பா: வேண்டாம் சார்!

வாத்தியார்: ஏன்? 'ஒண்ணும் வரல'ன்னு சொல்லிடுவாங்கன்னு பயமா?

பாப்பா: போன் பண்ணாதீங்க சார்.

வாத்தியார்: பண்ணத்தான் போறேன்.

பாப்பா: ...வரல.

வாத்தியார்: என்ன?

பாப்பா: விமானம் எதுவும் வரல. நான்தான் பயந்துட்டேன். தரை கிட்ட வந்ததும் கை நடுங்கிடுச்சு. வெட்கமா இருந்துச்சு, அதனால கதை கட்டிட்டேன். போதுமா?

வாத்தியார்: இதை நேத்தே சொல்லியிருந்தா பயத்தை மட்டும் மன்னிச்சிருப்பேன். பொய்யையும் சேர்த்துச் சொன்னே பாரு. கேட்டீங்களா ஐயா, உங்க வீட்டு லட்சணத்தை?

பெரியப்பா: ...கேட்டேன்.

வாத்தியார்: டெஸ்ட் கிடையாது. அதிகாரிக்கு இப்பவே சொல்லிடுறேன். ...ஹலோ? ஐயா, வணக்கம். ஆமாங்க, அந்தப் பொண்ணு விஷயம்தான்...

பெரியப்பா: பாப்பா. ஏன் அப்படிச் சொன்னே?

பாப்பா: மெதுவாப் பேசுங்க.

பெரியப்பா: கை நடுங்கிச்சா உனக்கு?

பாப்பா: நடுங்கியிருந்தா இப்போ நாம மூணு பேரும் ஒரே போட்டோவுல மாலையோட தொங்கிக்கிட்டு இருப்போம்.

பெரியப்பா: மூணு பேரா?

பாப்பா: எதிர்ல ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க பெரியப்பா. நம்பரைப் பார்க்கலைன்னு சொன்னேன். மூஞ்சியைப் பார்க்கலைன்னு சொல்லல.

வாத்தியார்: ...இல்லீங்க, அவளே ஒத்துக்கிட்டா. ஆமாங்க, இல்லாத விமானம்தான்...

பாப்பா: அது வெளியில வந்தா அண்ணனோட லைசென்ஸ் போயிடும். எனக்கு இன்னும் வரவே இல்லை. வராதது போனா எந்தப் பத்திரிகையிலயும் போட மாட்டாங்க. வாங்க, போகலாம். கார்ல மட்டும் டவர், முறைன்னு எதுவும் பேசாதீங்க.

பெரியப்பா: உட்காரு.

பாப்பா: வீட்டு மானம்னு நீங்கதானே...

பெரியப்பா: எது மானம்னு எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம். உட்காருன்னேன்.

வாத்தியார்: ...சரிங்க, பேரை எடுத்துடுங்க. நான் அப்புறமா எழுத்துல...

பெரியப்பா: வாத்தியாரே, போனை இப்படிக் கொடுங்க.

வாத்தியார்: ஐயா, அதிகாரி கிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன். சிபாரிசு எல்லாம் இங்க...

பெரியப்பா: சிபாரிசு பண்ற வழக்கம் எங்க வீட்டுல கிடையாது. கொடுங்கய்யா.

பாப்பா: பெரியப்பா, வேண்டாம்...

பெரியப்பா: ஹலோ. நான் அந்தப் பொண்ணோட பெரியப்பா பேசுறேன். வாத்தியார் இப்போ உங்க கிட்டச் சொன்னது தப்பு. பொண்ணு ஒத்துக்கிட்டதும் பொய். இல்லாத எதையும் அவ பார்க்கல. விமானம் இருந்துச்சு, தப்பான முனையில இருந்து வந்துச்சு. ஓட்டினது என் மகன். ரேடியோவை வேற அலைவரிசையில வெச்சுக்கிட்டு, இறங்கலாமான்னு இங்க இல்லாத டவரைக் கேட்டுக் கேட்டுப் பார்த்துட்டு, 'பதிலே வரலப்பா'ன்னு என் முகத்தைப் பார்த்தான். 'டவர்காரன் தூங்குறான், நீ இறங்குடா'ன்னு பக்கத்துல உட்கார்ந்து சொன்னது நான்.