லாபம், ரெண்டு, மூணு

கிறிஸ்துதாஸ்: ...அதான் சொல்றேன் சொர்ணம், டப்பாவ எங்கிட்ட குடுத்துடு. நான் பாத்துக்கறேன்.

சொர்ணம்: குடுக்க முடியாது சார்.

கிறிஸ்துதாஸ்: ஒரே ஒரு நாள். தொறந்து, செக் பண்ணிட்டு, அப்படியே...

சொர்ணம்: இன்னா செக்கு? ரெண்டு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிகினு கீற. மொதல்ல ஒக்காரு. அய்ய, அந்த ஸ்டூல் மேல இல்ல! அது மேல செட்டு கீது.

கிறிஸ்துதாஸ்: சூப்பர்வைசர் சொல்றேன். கேக்க மாட்டியா?

சொர்ணம்: கம்பெனி கேட்டுக்கு உள்ளாறதான் நீ சூப்பர்வைசரு. அம்பத்தூர் எஸ்டேட்டு அந்தாண்ட கீது. இது நெமிலிச்சேரி. என் ஊட்டு மொட்ட மாடி. இங்க நான் சுத்தற காயிலுக்கு உன் கையெழுத்து வேணாம்.

கிறிஸ்துதாஸ்: கோவப்படாத. உன் நல்லதுக்குதான் வந்தேன். இன்னிக்கு சாட்டிலைட்ல உன் குரல் வரலன்னா இன்னா ஆவும்னு தெரியுமில்ல?

சொர்ணம்: தெரியாம? ரேடியோ கிளப்புல அத்தினி ஆம்பளைங்க முன்னாடி நிக்க வச்சு சொன்னாரே தலைவரு பரந்தாமன் சாரு. "இந்த டிரான்ஸ்வெர்ட்டர நீதான் செஞ்சன்னு எப்படிம்மா நம்பறது? ஞாயித்துக்கெழமைக்குள்ள ரஷ்யாக்காரன் சாட்டிலைட் வழியா பேசிக் காட்டு. இல்லன்னா டப்பாவ கிளப்புல வச்சிட்டு, கிறிஸ்துதாஸ் போட்ட சர்க்யூட் படத்த பாத்து செஞ்சேன்னு எழுதி குடு."

கிறிஸ்துதாஸ்: அவர் கேட்டதுல தப்பு இல்லியே. கிளப்பு புல்லட்டின்ல படம் என் பேர்லதானே வந்துது.

சொர்ணம்: வந்துது, வந்துது. கொட்ட எழுத்துல. நேத்து கம்பெனில பார்வதம் கேக்கறா, "இன்னாக்கா, சூப்பர்வைசர் செஞ்ச டப்பாவ உன்னுதுன்னு சொல்லிகினு திரியறியாமே"ன்னு. சோத்துல கைய வச்சவ அப்படியே எடுத்துட்டேன். லைசென்சு பரிட்சைல மோர்ஸ் கட்ட தட்டினவ நானு. விரல் வீங்க காயிலு சுத்தினவ நானு. திருட்டுப் பட்டமும் எனக்கா?

கிறிஸ்துதாஸ்: காத்து பலமா கீது. ஆண்டனா சாயப் போவுது பாரு...

சொர்ணம்: அப்ப புட்சிக்கோ.

கிறிஸ்துதாஸ்: நானா?

சொர்ணம்: வேற யாரு? எங்கூட்டுக்காரரு ஸ்க்ரீன் மாட்ற பைப்ப அறுத்து இந்த ஆண்டனாவ செஞ்சி குடுத்துட்டு ஷிப்டுக்கு போய்ட்டாரு. புடிக்க ஆளு இல்லியேன்னு பாத்தேன். சாமி உன்ன அனுப்சிடுச்சு.

கிறிஸ்துதாஸ்: சொர்ணம், நான் எதுக்கு வந்தேன்னா...

சொர்ணம்: சாட்டிலைட்டு வடக்கால, செங்குன்றம் பக்கமா ஏறும். உச்சிக்கு வந்து பூந்தமல்லி பக்கம் எறங்கும். பதினாறு நிமிசம். அது போற வழில ஆண்டனாவும் போவணும். அஞ்சேகாலுக்கு வருது. இன்னும் ஆறு நிமிசம் கீது.

கிறிஸ்துதாஸ்: நாளைக்கு பாத்துக்கலாமே.

சொர்ணம்: நாளைக்கு கிளப்பு மீட்டிங்கு காலைலயே. அதுக்கு முன்னாடி நல்லா மேல ஏறி வர்றது இது ஒண்ணுதான். இத்த வுட்டா நான் எழுதிக் குடுக்கணும். குடுப்பேனா? செத்தாலும் மாட்டேன்.

கிறிஸ்துதாஸ்: இந்த டப்பா பேசாது சொர்ணம். புல்லட்டின பாத்து அஞ்சு பேரு செஞ்சாங்க. அஞ்சும் ஊமை. ஐயப்பன்தாங்கல் ஜெயராமன் திருகித் திருகி ஸ்க்ரூவோட தலையே தேஞ்சு போச்சு. பாஸ்கல் பார்ட்ஸ் மாத்தி வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரெண்டு வாட்டி ஓடிட்டாரு. எல்லாரும் என்னத்தான் கேக்கறாங்க.

சொர்ணம்: அய்யோ பாவம்.

கிறிஸ்துதாஸ்: அதனால உன்னுதும்...

சொர்ணம்: என்னுது ஏன் ஊமையாவும்? நான் உன் படத்த பாத்தா செஞ்சேன்? பேசு சார். ஆண்டனாவ புட்சா வாயும் அடைச்சிக்குமா?

கிறிஸ்துதாஸ்: இல்ல... உன்னுதுக்கும் அதுங்களுக்கும் இன்னா வித்தியாசம்னு தெரிஞ்சா கிளப்புக்கு நல்லதுதானே.

சொர்ணம்: ஓ... அதுக்குதான் டப்பாவ தொறக்கணுமா? தொறக்க முடியாது. சுத்தியும் ஈயம் வச்சி மூடிட்டேன்.

கிறிஸ்துதாஸ்: எல்லாத்துக்கும் ஒரு சந்தேகம் உனக்கு.

சொர்ணம்: சரி, ஒண்ணு கேக்கறேன். இந்த டப்பா இன்னா பண்ணுது, சொல்லு பாப்போம்.

கிறிஸ்துதாஸ்: அது... அலைய மாத்துது.

சொர்ணம்: எதுலேர்ந்து எதுக்கு?

கிறிஸ்துதாஸ்: கீழேர்ந்து... மேலுக்கு.

சொர்ணம்: லிப்டா சார் அது? நம்ம செட்டு பேசறது இருபத்தெட்டு மெகா ஹெர்ட்ஸ்ல. சாட்டிலைட்டு காது குடுக்கறது நூத்தி நாப்பத்தஞ்சுல. நடுவுல நின்னு மாத்தி அனுப்பறது இந்த டப்பா. அந்த சாட்டிலைட்டு வாங்கி, இருபத்தொம்பதுல திருப்பி கீழ அனுப்பும். அத்த கேக்கத்தான் இந்த பழைய ரேடியோ. நான் பேசினது எனக்கே திரும்பி வந்து காதுல வுழணும். அப்பதான் மேல போய் வந்துதுன்னு அர்த்தம். சூட்சுமம் பூரா அந்த கடசி காயில்ல கீது. ஒரு சுத்து கொறஞ்சா போச்சு.

கிறிஸ்துதாஸ்: ஒரு... ஒரு சுத்தா?

சொர்ணம்: ஏன் தூக்கிப் போடுது உனக்கு? மூஞ்சி போற போக்க பாரு! ஆயுத பூஜைக்கு பொரி வாங்கப் போனப்போ இப்படித்தான் வச்சிருந்த.

கிறிஸ்துதாஸ்: அத்த இன்னுமா வுடல நீ?

சொர்ணம்: எப்படி வுடறது? பக்கத்துல பையப் புட்சிகினு நின்னவ நானு. அஞ்சு படி கேட்ட. பொரிக்காரன் "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு"ன்னு அளந்து கொட்னான். லாபம்னு போட்டது கொசுறு, நாலு படிதான் வந்துது, இன்னொண்ணு போடுன்னு நீ ஒரே சண்ட. எஸ்டேட்டே கூடிப் போச்சு.

கிறிஸ்துதாஸ்: கடசில போட்டானா இல்லியா?

சொர்ணம்: தலைல அடிச்சிகினு போட்டான்.

கிறிஸ்துதாஸ்: பின்ன? லாபம்னா லாபம்தான். அது எப்படி எண்ணிக்கைல சேரும்?

சொர்ணம்: கரீட்டு சார், கரீட்டு... ஏய், நேரமாச்சி! வடக்கால காட்டு. மேல தூக்கு. ...ஹலோ சி.க்யூ. சாட்டிலைட்... யாராவது கேக்கறீங்களா... ஹலோ சி.க்யூ... நெமிலிச்சேரிலேர்ந்து சொர்ணம்... ஓவர்.

கிறிஸ்துதாஸ்: ஏதாவது கேக்குதா?

சொர்ணம்: வெறும் இரைச்சலு. ...ஹலோ சி.க்யூ... நெமிலிச்சேரி சொர்ணம்... ஓவர். ...ம்ஹூம்.

கிறிஸ்துதாஸ்: நான்தான் சொன்னேனே. வுட்டுடு. மனச போட்டு ஒழப்பிக்காத.

சொர்ணம்: சார்.

கிறிஸ்துதாஸ்: இன்னா?

சொர்ணம்: ஆண்டனா ஏன் கீழ ரயில் தண்டவாளத்த பாக்குது?

கிறிஸ்துதாஸ்: அது... கை வலிக்குது.

சொர்ணம்: சாட்டிலைட்டு இன்னா திருவள்ளூர் லோக்கல்லயா வருது? குடு இங்க!

கிறிஸ்துதாஸ்: ஒரு கைல மைக்கு, ஒரு கைல இது... வுழுந்துடுவ சொர்ணம்!

சொர்ணம்: வுழுந்தாலும் என் மாடிலதான் வுழுவேன். தள்ளு! ...ஹலோ சி.க்யூ. சாட்டிலைட்... நெமிலிச்சேரிலேர்ந்து சொர்ணம்... சொர்ணம்...

கிறிஸ்துதாஸ்: இன்னாச்சு? ஏன் நிறுத்திட்ட?

சொர்ணம்: சார்... நான்.

கிறிஸ்துதாஸ்: நீ இன்னா?

சொர்ணம்: நான்தான் சார் கேக்கறேன். என் குரலு. சளி புட்ச மாதிரி... ஆனா நான்தான். நான் சொர்ணம்ன்றேன், அதுவும் சொர்ணம்னுது. ஆயிரம் கிலோமீட்டரு மேல போய்ட்டு வந்து சொல்லுது சார்! அழுவயா வருது. இரு, அழுவ மாட்டேன். எட்டு நிமிசம்தான் கீது. ஹெட்போன புடுங்கறேன், நீயும் ஸ்பீக்கர்ல கேளு.

ஸ்பீக்கர்: ...சொர்ணம்... சொர்ணம்... பரந்தாமன் பேசறேன். தெளிவா கேக்குதும்மா. ஓவர்.

சொர்ணம்: வணக்கம் சார். டப்பா பேசிடுச்சு சார். ஓவர்.

ஸ்பீக்கர்: பேசிடுச்சும்மா. என் ஜப்பான் செட்டு தோத்துது. நம்ம பசங்களுது அஞ்சும் ஊமையா கெடக்கே... உன்னுதுல கடசி காயில் எத்தன சுத்து? ஓவர்.

கிறிஸ்துதாஸ்: சொர்ணம், வேணாம்... உன்ன கெஞ்சிக் கேக்கறேன்...

சொர்ணம்: அஞ்சு சுத்து சார். அஞ்சு. ஓவர்.

ஸ்பீக்கர்: அஞ்சா? புல்லட்டின்ல நாலுன்னு இல்ல போட்டிருக்கு? ஓவர்.

சொர்ணம்: நாலு எங்கேர்ந்து வந்துதுன்னு போட்டவரதான் சார் கேக்கணும். இதோ பக்கத்துலதான் நிக்கறாரு. நாளைக்கு மீட்டிங்குக்கு அவரே வந்து சொல்லுவாரு. நானும் சால்டரிங் ராடோட வரேன். அஞ்சு டப்பாவுக்கும் எல்லார் முன்னாடியும் நானே சுத்தித் தரேன். ஆனா அடுத்த புல்லட்டின்ல என் பேரு வரணும். கொட்ட எழுத்துல. ஓவர்.

ஸ்பீக்கர்: ...வரும்மா... கண்டிப்பா... தப்பு எங்க மேல... நாளைக்கு...

சொர்ணம்: போய்டுச்சு. பூந்தமல்லிய தாண்டிடுச்சு.

கிறிஸ்துதாஸ்: என்ன கவுத்துட்டியே.

சொர்ணம்: தண்டவாளத்த காட்டினது யாரு?

கிறிஸ்துதாஸ்: ...சரி. ஒத்துக்கறேன். சாப்பாட்டு நேரத்துல நீ கம்பெனில ஒக்காந்து செய்வியே, பின்னாடி நின்னு பாத்து நோட்ல எழுதினேன். எல்லாம் எழுதினேன். அந்த காயிலு மட்டும் கண்ல படல, உன் கை மறச்சிகினு இருந்துது. ஆனா வாய்விட்டு எண்ணின. அத்த கேட்டு எழுதினேன்.

சொர்ணம்: சரியா கேட்டியா?

கிறிஸ்துதாஸ்: சரியாதான் கேட்டேன். "லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு"ன்ன. லாபத்த கழிச்சா நாலு.

சொர்ணம்: ஏன் கழிச்ச?

கிறிஸ்துதாஸ்: அது கணக்குல வராதே... சாமி பேரு மாதிரி சும்மா சொல்றது...

சொர்ணம்: லாபம்னாலே ஒண்ணுதான் சார். மொத அளவ ஒண்ணுன்னு சொல்லாம, மங்களமா லாபம்னு சொல்றது. பொரிக்காரன் உனக்கு அஞ்சு படி சரியாத்தான் அளந்தான்.

கிறிஸ்துதாஸ்: அடப்பாவி... அப்ப அந்தாளுகிட்ட ஒரு படிய...

சொர்ணம்: ஆமா. அதுவும் திருட்டுதான்.

கிறிஸ்துதாஸ்: இரு, இரு... பொரி அளக்கறவன் சொல்லுவான், சரி. காயில் சுத்தறவங்க யாரு லாபம்னு எண்ணறாங்க? பதினோரு வருசமா உன் டேபிளுக்கு பின்னாடிதான் நடந்துகினு கீறேன். நீ அப்படி எண்ணி நான் கேட்டதே இல்லியே!

சொர்ணம்: பதினோரு வருசமா ஒண்ணு, ரெண்டுதான் சார். முதுகுக்குப் பின்னாடி உன் செருப்பு சத்தம் வந்து நின்னு, நோட்ட தொறந்த அன்னிக்கு மட்டும்தான்... லாபத்துலேர்ந்து ஆரம்பிச்சேன்.